ராஜாவுக்கு எதுல ஊத்திக் குடுத்தாங்க? – கஞ்சி பிரேசிலுக்குப் போன கதை

(ஒலிப்பதிவின் செப்பனிடப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன பகுதியில் ஏரிகளைப் பற்றிப் பேசினோம். இன்னிக்குச் சாப்பாடு. நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார், "பிரேசில் நாட்டுப் பாரம்பரிய உணவு, அவங்க சாப்பிடுற பழக்கம் பத்திச் சொல்லுங்களேன்"னு. படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, பிரேசில் என்னை உத்திரமேரூருக்கே கூட்டிட்டு வந்து விட்டுடுச்சு. எப்படின்னு சொல்றேன்.

எங்க ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்துல ஒரு கிராமம். ஆடி மாசம் ஞாயித்துக்கிழமை அம்மன் கோயில்ல கூழ் வார்ப்பாங்க. காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேவுரு மாவைக் கரைச்சுப் புளிக்க வெச்சு, நொய்யரிசி வேகும்போது ஊத்திக் கிளறி, பெரிய அண்டாவுல ஆற விடுவாங்க. கூடவே முருங்கைக்கீரை, வெங்காயம், மிளகாய், சில வீட்டுல கருவாட்டுக் குழம்பு.

போன ஆடியில அந்தக் கூழைக் குடிச்சுக்கிட்டே எங்க மாமா ஒருத்தர் சொன்னார்: "இதுதான்டா அசல் நம்ம சாப்பாடு. வெளிநாட்டுச் சாமான் ஒண்ணு கிடையாது. ஊரே ஒண்ணா நின்னு குடிக்கிற கூழ்."

இதுல ரெண்டு சேதி இருக்கு. ஒண்ணு, இதுல வெளிநாட்டுச் சாமான் இல்லைங்கிறது. இன்னொண்ணு, ஊரே ஒண்ணா நின்னு குடிக்குதுங்கிறது. ரெண்டையும் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்ப்போம்.

தட்டில் இருந்த பிரேசில்

முதல்ல சாமான். மாமா கையில ஒரு மோர்மிளகாய். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டுக்கு முன்னாடி தமிழ்நாட்டுல எந்த அடுப்படியிலும் அது கிடையாது. காரம்னா மிளகு, திப்பிலி, இஞ்சி, சுக்கு. புதுசா வந்த காய் மிளகு மாதிரி உறைச்சதால மிளகு, காய் ரெண்டையும் சேர்த்து மிளகாய்னு பேர் வெச்சுக்கிட்டோம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியைச் சாப்பிட்டுப் பாருங்க. மிளகு, சீரகம், சுக்கு, நெய் இருக்கும், மிளகாய் இருக்காது. மிளகாய் வர்றதுக்கு முன்னாடி காரம் எப்படி இருந்ததுன்னு நாக்கால தெரிஞ்சுக்கணும்னா அந்த இட்லி ஒரு நல்ல சாட்சி.

பக்கத்துல ஒரு தட்டுல அவிச்ச வேர்க்கடலை. அதுவும் தென் அமெரிக்கா. நம்ம வட மாவட்டங்கள்ல அதை மணிலாக்கொட்டைன்னு சொல்றோம், அது தேய்ஞ்சு மல்லாட்டை ஆயிடுச்சு. பிலிப்பைன்ஸ் தலைநகரத்தோட பேரு நம்ம மானாவாரிக் கொல்லையில கிடக்குது.

மரவள்ளிக்கிழங்கு, முந்திரி, அன்னாசி மூணும் பிரேசில் பக்கத்துப் பயிர்கள். போர்த்துகீசியர்கள் கொண்டுவந்தவை. அன்னாசிங்கிற பேரே பிரேசிலின் பழங்குடிகளான துப்பி மக்களோட சொல்லிலிருந்து போர்த்துகீசிய மொழி வழியா நமக்கு வந்தது. முந்திரி விஷயம் இன்னும் வேடிக்கை. முந்திரிகைன்னா பழைய தமிழில் திராட்சை. இன்னிக்கும் கொடிமுந்திரின்னு சொல்றவங்க இருக்காங்க. கடல் தாண்டி வந்த மரம் அந்தப் பேரைத் தனக்கு எடுத்துக்கிட்டது. பண்ருட்டிக்காரர்கள் கோவிச்சுக்கக் கூடாது.

சரி, அந்தக் கேவுரு? அதுவாவது நம்மளதான்னா, அதுவும் சில ஆயிரம் வருஷங்களுக்கு முன்னாடி கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலத்திலிருந்து வந்தது. ஆக, மாமாவின் முதல் வாதம் நிக்கலை. ஆனா அதுக்காக அது நம்ம சாப்பாடு இல்லைன்னு ஆயிடாது. நம்ம மண்ணுல விளைஞ்சு, நம்ம கையில புளிச்சு, நம்ம அம்மனுக்குப் படைச்சா அது நம்ம சாப்பாடுதான். பயிர் எந்த ஊரிலிருந்து வந்ததுங்கிற கேள்வி வேற, சாப்பாடு யாருடையதுங்கிற கேள்வி வேற.

ஒரே பயணம், இரண்டு கரை

பிரேசிலுக்கும் நமக்கும் இந்தத் தொடர்பு எப்படி வந்தது? 1500ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் தேதி பெத்ரோ ஆல்வாரெஸ் கப்ரால் என்பவர் 13 கப்பல்களோடு லிஸ்பனிலிருந்து கிளம்பினார். போக வேண்டிய இடம் கோழிக்கோடு, வாங்க வேண்டியது மிளகு. அட்லாண்டிக்கில் மேற்கே வெகுதூரம் விலகிப் போய், ஏப்ரல் 22ஆம் தேதி ஒரு கரையைப் பார்த்தார்கள். அதுதான் இன்றைய பிரேசில். சில நாள் தங்கிவிட்டு மறுபடி கிழக்கே திரும்பி, ஆப்பிரிக்காவைச் சுற்றி, செப்டம்பர் மாதம் கோழிக்கோட்டில் நங்கூரம் போட்டார்கள்.

யோசிச்சுப் பாருங்க. போர்த்துகல் பிரேசிலைக் கண்டதும், அதே கப்பல்கள் மலையாளக் கரைக்கு வந்ததும் ஒரே பயணத்துல. கப்பலில் வந்த எழுத்தர் பெரோ வாஸ் த காமிஞ்யா. பிரேசில் மண்ணில் பார்த்ததை எல்லாம் அரசருக்குக் கடிதமாக எழுதியவர். அங்கே இருந்த மக்கள் என்ன சாப்பிட்டார்கள், போர்த்துகீசியர் கொடுத்த உணவை வாயில் வைத்துவிட்டு எப்படித் துப்பினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பிரேசிலின் பிறப்புச் சான்றிதழ் என்று அந்தக் கடிதத்தை அந்நாட்டவர் சொல்வதுண்டு. அதை எழுதியவர், அதே ஆண்டு டிசம்பரில் கோழிக்கோட்டில் போர்த்துகீசியப் பண்டகசாலை தாக்கப்பட்டபோது இறந்தார் என்பது வரலாற்றாசிரியர்களின் முடிவு.

அதுக்கப்புறம் பல பத்தாண்டுகளில் செடிகளும் விதைகளும் ரெண்டு பக்கமும் போய் வந்தன. நம்ம பக்கத்திலிருந்து மாமரமும் பலாமரமும் பிரேசிலுக்குப் போயின. அங்கே மாம்பழத்தை மங்கா என்கிறார்கள், பலாவை ஜாக்கா என்கிறார்கள். மாங்காயும், மலையாளத்துச் சக்கையும் காதில் விழுதா?

பிரேசில் வீட்டில் சாப்பாடு

இப்ப அந்த நேயர் கேட்டதுக்கு வருவோம். பிரேசிலில் மதியச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு. சோறு, அதன் மேல் வேகவைத்த அவரை இனப் பயறு, பக்கத்தில் கொஞ்சம் இறைச்சி, மேலே தூவ வறுத்த மரவள்ளி மாவு. நாம சோறும் குழம்பும் சாப்பிடுவது போல அவங்களுக்குச் சோறும் பயறும். வீட்டுக்கு யார் வந்தாலும், கடைக்குப் போனாலும், ஒரு சின்னக் கோப்பைக் காப்பி நீட்டுவாங்க.

மரவள்ளி அங்கே வெறும் கிழங்கு இல்லை. போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே அந்த மக்களின் உணவுக்கு அடிப்படை அது. கசப்பு மரவள்ளியில் நஞ்சு உண்டு. கிழங்கைத் துருவி, ஓலையில் பின்னிய நீளமான குழாய்ப் பையில் அடைத்து, பையை இழுத்து நீட்டிச் சாற்றைப் பிழிந்து, மாவை வறுத்து வைத்துக்கொள்வார்கள். சாற்றின் அடியில் படியும் வெள்ளை மாவுக்குத் துப்பி மொழியில் இருந்த பெயரிலிருந்துதான் டேபியோக்கா என்ற சொல் வந்தது. சேலத்துக்காரர்கள் 1940களில் அதே மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அப்ப உலகப் போர். வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு நின்றுபோன நேரம். இன்னிக்குப் பொங்கலன்னிக்கோ, கல்யாணப் பந்தியிலோ ஜவ்வரிசிப் பாயசம் குடிக்கிறவங்க, ஒரு துப்பிப் பாட்டியின் கைப்பக்குவத்தைத் தூரத்திலிருந்து தொட்டுப் பார்க்கிறாங்க.

சனிக்கிழமை விருந்துன்னா ஃபெய்ஜோவாதா. கறுப்புப் பயறும் உப்புக்கண்டமும் பன்றி இறைச்சியும் மணிக்கணக்கில் வேகும். கூடவே கீரை, ஆரஞ்சுச் சுளை. எசமானர்கள் தூக்கிப் போட்ட கால், காது, வால் இவற்றை வைத்து அடிமைகள் உண்டாக்கிய உணவு அது என்று ஒரு கதை ஊரெல்லாம் உண்டு. பிரேசிலின் உணவு வரலாற்றை எழுதிய லூயிஸ் த காமரா காஸ்குதோ அதை ஏற்கவில்லை. ஐரோப்பாவில் பயறையும் இறைச்சியையும் சேர்த்து வேகவைக்கும் பழைய முறையின் வழி வந்தது என்றார். கதை உண்மையோ இல்லையோ, அடிமைமுறை உண்மை. 1888 மே 13ஆம் தேதிதான் பிரேசில் அதைச் சட்டப்படி ஒழித்தது. ஒரு தட்டு உணவைப் பார்த்தா, இது யாரோட மிச்சம்னு கேக்கத் தோணுற நாடு அது. நம்ம நாடும்தான்.

தெற்குப் பிரேசிலில் இன்னொரு வழக்கம். சுரைக்குடுக்கையில் மாத்தே என்ற இலைத்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி, ஓர் உலோகக் குழலால் உறிஞ்சுவார்கள். குவாரனி பழங்குடிகளிடமிருந்து வந்தது. வட்டமாக உட்காருவார்கள். குடுக்கை ஒண்ணு, குழலும் ஒண்ணு. ஊற்றுகிறவர் முதலில் குடிப்பார், திரும்ப வெந்நீர் ஊற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார். அவரும் அதே குழலில் வாய் வைத்துக் குடிப்பார். "நன்றி"ன்னு சொன்னா, எனக்குப் போதும்னு அர்த்தம்.

இதைப் படிச்சப்ப நான் ஒரு நிமிஷம் புத்தகத்தை மூடி வெச்சேன். டீக்கடையில ரெட்டைக் குவளை பார்த்து வளர்ந்த ஊர்ப்பக்கத்துக்காரன் நான்.

கஞ்சி போன வழி

இப்ப முக்கியமான இடம். பிரேசிலில் காய்ச்சல்காரருக்கும், பிள்ளை பெற்றவளுக்கும் கொடுக்கிற உணவு ஒண்ணு இருக்கு. அரிசியைக் குழைய வேகவைத்து, கோழி சேர்த்துக் காய்ச்சினது. பேரு கான்ஜா. ஆமாங்க, நம்ம கஞ்சிதான். மலையாளத்துக் கஞ்சியிலிருந்து வந்த சொல்லென்று போர்த்துகீசிய அகராதிகள் சொல்கின்றன. அந்தச் சொல் நமக்கும் மலையாளத்துக்கும் பொது.

1563இல் கோவாவில் கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துகீசிய மருத்துவர் ஒரு நூல் அச்சிட்டார். வாந்திபேதிக்கு இங்குள்ள வைத்தியர்கள் மிளகும் சீரகமும் சேர்த்த அரிசிக் கஞ்சித் தண்ணீர் கொடுப்பதை அதில் எழுதியிருக்கிறார், கஞ்சி என்ற பெயரோடு. நோயாளிக்கான அந்த உணவு போர்த்துகலுக்குப் போய், கோழியைச் சேர்த்துக்கொண்டு, அங்கிருந்து பிரேசிலுக்குப் போனது.

அங்கே போய் ராஜ மரியாதை பெற்றது. பிரேசிலின் பேரரசர் இரண்டாம் பெத்ரோ 1831 முதல் 1889 வரை அரியணையில் இருந்தவர். அவருக்குக் கான்ஜா என்றால் உயிர். நாடகம் பார்க்கப் போனால் இடைவேளையில் கான்ஜா குடித்து முடித்த பிறகுதான் அடுத்த காட்சி என்று இன்னும் கதை சொல்வார்கள். அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1913–14இல் பிரேசில் காடுகளில் பயணம் போனபோது கான்ஜாவைக் குடித்து, தன் புத்தகத்தில் புகழ்ந்து எழுதினார்.

இதை எங்க ஆயாகிட்டச் சொன்னேன். எண்பதைத் தாண்டினவங்க. வாழ்நாள் பூரா நடவு நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்தவங்க. "ஆயா, நம்ம கஞ்சி கடல் தாண்டிப் போயி ஒரு ராஜா குடிச்சிருக்காரு"ன்னேன்.

ஆயா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் கேட்டாங்க: "எதுலடா ஊத்திக் குடுத்தாங்க அந்த ராஜாவுக்கு?"

எனக்குப் புரியலை. "பீங்கான் கிண்ணமா இருக்கும், இல்லன்னா வெள்ளி"ன்னேன்.

"எங்களுக்குக் கொட்டாங்கச்சிடா. அதுவும் நாங்கதான் எடுத்துனு போவணும். பின்கட்டுல நின்னா, அந்தம்மா மேல இருந்து ஊத்துவாங்க. கொட்டாங்கச்சி இல்லாத அன்னிக்கு ரெண்டு கையும் சேத்துப் புடிப்பேன். சூடு. கையை விட்டா கஞ்சி போயிடும்."

கையை எப்படிப் பிடிச்சாங்கன்னு எனக்குக் காட்டவும் செஞ்சாங்க. எங்க வீட்டுல விருந்தாளி வந்தா ஆயா கஞ்சிப் பானையை மூடி மறைச்சுடுவாங்க. "கஞ்சின்னு வெளியில சொல்லாதடா"ம்பாங்க. வறுமையை மறைக்கிறாங்கன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவங்க மறைச்சது அந்தப் பின்கட்டை.

கல்லில் இருப்பது

இப்ப மாமாவின் ரெண்டாவது வாதம்: ஊரே ஒண்ணா நின்னு குடிச்சதுங்கிறது.

உத்திரமேரூர்னு சொன்னதும் எல்லாருக்கும் குடவோலைதான் நினைவுக்கு வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள். 30 குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது, ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம், பொன் வாரியம், கணக்குக் காட்டாதவர் திரும்ப நிற்க முடியாது என்ற விதி. பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு, சந்தேகமில்லை.

ஆனா முழுசாப் படிக்கணும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதப் பயிற்சி வேண்டும். ஏனென்றால் அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. தகுதியில்லாதவர்கள் பட்டியலில் நம்ம இன்றைய பேச்சோடு தொடர்புடைய ஒரு விதி உண்டு: உண்ணக் கூடாததை உண்டவர், அதற்குப் பரிகாரம் செய்து தூய்மை அடைந்திருந்தாலும், ஆயுள் முழுக்க அவர் பெயரைக் குடவோலைக்கு எழுதக் கூடாது.

ஒரு மனுஷன் என்ன சாப்பிட்டான்ங்கிறது, ஏரித் தண்ணியைப் பத்தி அவன் பேசலாமா கூடாதாங்கிறதைத் தீர்மானிச்சிருக்கு. பல்லவர் காலத்து வைரமேகத் தடாகத்தில் தேங்கிய தண்ணியில் வயலை உழுதவங்க என்ன குடிச்சாங்கன்னு அந்தச் சுவரில் எழுதலை.

இரண்டு பஞ்சங்கள்

இன்னொரு இடத்திலும் பிரேசிலும் நாமும் சந்திக்கிறோம். 1876–78 தாது வருஷப் பஞ்சம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம், அதாவது காஞ்சிபுரம், உத்திரமேரூர் எல்லாம் சேர்ந்த பகுதி, அதில் சிக்கியது. அதே நேரத்தில், 1877–79இல், பிரேசிலின் வடகிழக்கில் செயரா மாகாணத்தில் பெரும் வறட்சி. அங்கே அதற்குப் பெயரே பெரிய வறட்சி. பசிபிக் கடல் சூடாகி உலகம் முழுக்க மழையைக் குலைத்த ஒரே எல் நினோதான் ரெண்டுக்கும் பின்னால் இருந்தது என்பது பின்னாளில் தெரிந்தது.

மழை பொய்த்தது இயற்கை. சாவு அப்படி இல்லை. சென்னை மாகாணத்தில் வேலை முகாமுக்கு வந்தவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். நாள் முழுக்க மண் சுமக்கிறவனுக்கு இது பத்தாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டதுதான். கஞ்சித்தொட்டி என்ற சொல்லுக்கு நம்ம ஊரில் இருக்கிற கனம் இப்படிப்பட்ட காலங்களில் ஏறியது. பிறகு நெசவாளர் நெருக்கடி வந்தபோதெல்லாம் அந்தச் சொல் திரும்ப வந்தது. பட்டுப் பாவுக்குக் கஞ்சி போட்ட கை, கஞ்சிக்கு வரிசையில் நின்றது.

ரியோவில் பேரரசர் கான்ஜா குடித்த அதே ஆண்டுகள்தான் இவை. நாடு எதுவானாலும் கஞ்சி ஒண்ணுதான். அதை வாங்கும்போது கை மேல இருக்கா கீழ இருக்காங்கிறதுலதான் வித்தியாசம்.

ஆடிக்குத் திரும்பி வருவோம்

எங்க ஊருல அம்மன் கோயில் ரெண்டு. ஊர்ல ஒண்ணு, ஊருக்கு வெளியே எங்க தெருவுல ஒண்ணு. கூழும் ரெண்டு அண்டா, ரெண்டு வேற வேற ஞாயித்துக்கிழமை. மாமா சொன்ன "ஊரே ஒண்ணா" என்பது எங்க தெரு ஒண்ணாங்கிறதுதான். அதைத் தெரியாமச் சொல்லலை அவர். அவருக்கு அது போதும்னு ஆயிடுச்சு. எனக்குப் போதலை.

போன ஆடியில சின்னதா ஒண்ணு நடந்தது. ஊர்க்கோயில் கூழன்னிக்கு, அரசுப் பள்ளிக்கூடத்துல எங்க தெருப் பிள்ளைகளோட படிக்கிற பசங்க நாலு பேரு, தூக்குவாளி நிறையக் கூழ் எடுத்துக்கிட்டு எங்க தெருவுக்கு வந்தாங்க. அவங்க ஆளுக்கு ஒரு டம்ளர் ஊத்திக் குடுத்தாங்க, எங்க பிள்ளைகளும் குடிச்சாங்க. அடுத்த வாரம் எங்க கூழை இவங்க எடுத்துக்கிட்டுப் போனப்ப, ரெண்டு வீட்டுல வாங்கிக் குடிச்சாங்க, மத்த வீட்டுல பிள்ளையைக் கூப்பிட்டு உள்ள போகச் சொல்லிட்டாங்க. அவ்வளவுதான் நடந்தது. நான் அதைப் பெரிசாக்கிச் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்.

அந்த ரெண்டு வீட்டைப் பத்தி ஆயாகிட்டச் சொன்னேன். "சொம்புல வாங்குனாங்களா, டம்ளர்லயா?"ன்னு கேட்டாங்க. "அவங்க வீட்டு டம்ளர்ல, ஆயா"ன்னேன். "கழுவி வெச்சாங்களா, எறிஞ்சாங்களா?"

எனக்குத் தெரியலை. அடுத்த ஆடிக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

நண்பர்களே, உங்க வீட்டுல வயசானவங்க இருந்தா, பழைய காலத்துல என்ன சாப்பிட்டீங்கன்னு மட்டும் கேட்டு நிறுத்திடாதீங்க. எதுல வாங்கிச் சாப்பிட்டீங்க, எங்க உட்கார்ந்து சாப்பிட்டீங்கன்னும் கேளுங்க. சொன்னா எழுதி வையுங்க. எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த பகுதியில் சந்திப்போம்.